பென்னிகுவிக் என்ற பெயருக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது?

தேனி மாவட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் அண்ணன் மகனுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கிறான். பெயருக்கு என்ன அர்த்தம் என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். பெரியாறு அணையைக் கட்டியவர் பெயர் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இது சாதிப் பெயர் மாதிரியா, ஊர்ப் பெயரா? இந்தப் பெயர் உள்ளவர்கள் இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறார்களா?"

பையனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவன் பெயருக்குக் 'குயில் குன்று' என்று பொருள். சாதிப் பெயர் இல்லை, ஊர்ப் பெயர்தான். அந்த ஊரும் இங்கிலாந்தில் இல்லை, ஸ்காட்லாந்தில் இருக்கிறது. எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி, பெண்ட்லாண்ட் குன்றுகளின் அடிவாரத்தில், வடக்கு எஸ்க் என்ற சிற்றாற்றின் கரையில் பெனிகுக் என்று ஒரு சிறுநகரம். மிட்லோதியன் மாவட்டத்தைச் சேர்ந்தது. உங்கள் அண்ணன் மகன் பெயரின் பூர்வீகம் அதுதான்.

நானும் கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவன். இப்போது எடின்பரோவில் இருக்கிறேன். பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களின் பழைய பதிவேடுகளைப் பார்ப்பது பல வருடப் பழக்கம். அந்தப் பழக்கமே இந்தப் பெயரைத் தேடப் போய்த்தான் ஆரம்பித்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. 'பென்' என்றால் தலை, அதாவது மலையின் தலைப்பகுதி, குன்று. நடுவில் இருப்பது ஒரு சுட்டுச்சொல், 'அந்த' என்பது போல. கடைசியில் இருக்கும் 'கோக்' என்பது குக்கூ என்று கூவும் பறவை. நம் குயிலும் அதே குடும்பத்துப் பறவைதான். வேறொரு பறவையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும் வழக்கம் இரண்டுக்கும் உண்டு. பையனுக்குச் சொல்லும்போது குயில் என்று சொன்னால் போதும்.

இது என்ன மொழி? ஆங்கிலம் கிடையாது. தெற்கு ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் வேரூன்றுவதற்கு முன்னால் அங்கே பேசிய மக்களின் மொழிக்கு இப்போது கும்ப்ரிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டு மொழிக்கு அது நெருங்கிய உறவு. சுமார் 12ஆம் நூற்றாண்டோடு அது பேச்சிலிருந்து மறைந்துவிட்டது என்பது பொதுவான கருத்து. அந்த மொழியில் முழுப் புத்தகம் எதுவும் மிஞ்சவில்லை. ஆறு, குன்று, ஊர் இவற்றின் பெயர்களில்தான் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேல்ஸில் பென்-அ-வான் என்ற மலை, வடமேற்கு இங்கிலாந்தில் பென்ரித் என்ற ஊர், இவற்றிலெல்லாம் வருவது இதே 'பென்'தான். அழிந்துபோன ஒரு மொழியின் மூன்று சொற்களைச் சின்னமனூர்ப் பக்கத்தில் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் தினமும் வருகைப் பதிவில் கேட்கிறான். எனக்கு இதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில் 'பென்' என்று தொடங்கும் குடும்பப் பெயர்கள் ஏராளம். "ட்ரெ, போல், பென் என்றால் கார்ன்வால்காரன்" என்று ஒரு சொலவடையே உண்டு. அதைக் கேள்விப்பட்டவர்கள் பென்னிகுவிக்கும் கார்ன்வால் பெயர்தான் என்று சொல்லிவிடுவார்கள். அங்குள்ள பழைய மொழியும் இதே குடும்பம் என்பதால் வரும் மயக்கம் அது. அதேபோல இங்கிலாந்திலேயே சிலர் இந்தப் பெயரில் 'பென்னி' என்ற காசையும் 'குக்' என்ற சமையல்காரரையும் பார்ப்பார்கள். காசுக்கும் சமையலுக்கும் இதில் வேலையே இல்லை. பொருள் மறந்துபோன பெயரைக் காதில் விழுந்த சொற்களாக மாற்றி எழுதியதால் வந்தது அது.

உச்சரிப்புக்கு வருகிறேன். நாம் பென்னிகுவிக் என்கிறோம். பிரிட்டனில் ஊரையும் ஆளையும் 'பென்னிகுக்' என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் யு, ஐ என்று இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து வருவதால் நாம் 'குவிக்' என்று படித்துவிட்டோம். ஸ்காட்லாந்தின் பழைய எழுத்து முறையில் அந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஓசையைத்தான் குறிக்கும். புத்தகத்துக்கான 'புக்' என்ற சொல்லையும் நல்லது என்பதற்கான 'குட்' என்ற சொல்லையும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இதே யு-ஐ சேர்க்கையில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில்தான் 'குக்' என்ற முடிவும் வந்தது.

அதற்காகப் பையனின் பெயரைத் திருத்தாதீர்கள். தேனியில் அது பென்னிகுவிக்தான். வயலில் நின்றவர்கள் வாயில் மூன்று நான்கு தலைமுறையாகப் புழங்கிப் பதிந்த உச்சரிப்பு அது. பிரிட்டன்காரர் யாராவது அவனைப் பென்னிகுக் என்று கூப்பிட்டால் திகைக்காமல் இருக்க, காரணத்தை மட்டும் சொல்லி வையுங்கள்.

சரி, ஊர்ப் பெயர் எப்படி ஆளுக்குப் போனது?

பிரிட்டனில் ஒரு காலத்தில் பரம்பரைக் குடும்பப் பெயரே கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். 11ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. 12ஆம் நூற்றாண்டில், குறிப்பாக முதலாம் டேவிட் மன்னர் காலத்தில் (1124 முதல் 1153 வரை), அது ஸ்காட்லாந்துக்கும் போனது. 'இன்ன நிலத்துக்காரர்' என்று எழுதுவார்கள். நம் ஊரில் ஒருவரை 'உத்தமபாளையத்தார்' என்று சொல்வது போலத்தான், ஆனால் அங்கே அது அப்படியே பேரன் பேத்திக்கும் இறங்கி உறைந்துவிட்டது.

1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்துக்குள் படையோடு போனார். அங்குள்ள நிலக்கிழார்கள், பாதிரியார்கள், நகரத் தலைவர்கள் எல்லோரிடமும் தனக்கு அடங்கி நடப்பதாக எழுதி முத்திரை வாங்கினார். அந்த ஆவணத்துக்கு ராக்மன் சுருள் என்று பெயர். ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் எதைத் தேடினாலும் முதலில் புரட்டுவது இதைத்தான். அதில் எடின்பரோ பகுதியைச் சேர்ந்த ஹியூ டி பெனிகோக் என்று ஒருவர் இருக்கிறார். 'டி' என்றால் 'ஊரைச் சேர்ந்த'. இறுதியில் 'கோக்' என்று இருப்பதைக் கவனியுங்கள், பறவையின் பழைய பெயர் அப்படியே ஒலிக்கிறது. எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இந்த நிலக்கிழார் குடும்பத்தைப் 'பெனிகுக்கின் பெனிகுக்' என்று குறிப்பிடுவார்கள். நிலமும் குடும்பமும் ஒரே பெயரில் இருந்தால் ஸ்காட்லாந்தில் அதற்கென்றே தனி வழக்குச் சொல் உண்டு, அது ஒரு கௌரவம். அந்த நிலத்தைப் பற்றி ஒரு அழகான கதையும் இருக்கிறது. மன்னர் எடின்பரோவுக்குத் தெற்கே இருந்த காட்டில் வேட்டைக்கு வரும்போது, பெனிகுக் நிலக்காரர் பக்ஸ்டேன் என்ற கல்லின் மேல் நின்று கொம்பை மூன்று முறை ஊத வேண்டும். நிலத்துக்கு அதுதான் வாடகை. அந்தக் கல் இன்றும் எடின்பரோவின் தெற்குப் புறநகரில் சாலையோரம் இருக்கிறது. அதன் பெயரில் பக்ஸ்டோன் என்று ஒரு குடியிருப்புப் பகுதியே உண்டு.

ஆனால் நிலம் அந்தக் குடும்பத்தின் கையில் தங்கவில்லை. பாரிஸில் வியாபாரம் செய்து பொருள் சேர்த்துத் திரும்பிய ஜான் கிளார்க் என்பவர் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த நிலத்தை வாங்கினார். அன்றிலிருந்து ஊருக்குச் சொந்தக்காரர்கள் கிளார்க் குடும்பம். கொம்பு ஊதும் கடமையும் நிலத்தோடு சேர்ந்து அவர்களிடம் போனது. 'ஓர் ஊதலுக்கு உரிமை' என்ற பொருளில் அவர்கள் குலமொழியே அமைந்தது. மின்காந்த அலைகளுக்குச் சமன்பாடு எழுதிய ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் (1831 முதல் 1879 வரை) இந்தக் கிளார்க் வம்சத்தில் வந்தவர். பையன் பத்தாம் வகுப்பு தாண்டி இயற்பியல் எடுத்தால் அவர் பெயரைப் படிப்பான், அப்போது நினைவுபடுத்துங்கள்.

ஆக, குயில் குன்றின் பெயரைச் சுமந்த குடும்பம் குயில் குன்றை விட்டு வெளியேறிவிட்டது. இந்தப் பெயரின் வரலாற்றில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். யோசித்துப் பாருங்கள், போடிக்குள்ளேயே இருக்கும் ஒருவரை யாரும் 'போடிக்காரர்' என்று கூப்பிட மாட்டார்கள், அங்கே எல்லோருமே போடிக்காரர்கள். அவர் மதுரைக்கோ சென்னைக்கோ போன பிறகுதான் அந்தப் பெயர் வரும். நிலக்கிழார் குடும்பத்தைத் தவிர்த்துப் பார்த்தால், இந்தப் பெயர் சாதாரண மக்களிடம் சேர்ந்ததும் அப்படித்தான். பெனிகுக்கிலிருந்து எடின்பரோவுக்கோ அதன் துறைமுகமான லீத்துக்கோ வேலை தேடிப் போன கொத்தனார், நெசவாளி, வண்டிக்காரர் இவர்களை அங்குள்ளவர்கள் ஊர்ப் பெயரால் அழைத்திருப்பார்கள். பெயர் பிறந்ததே ஊரை விட்டுப் போன இடத்தில்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, இந்தப் பெயர் உள்ளவர்களை அந்த ஊரிலேயே தேடினால் அதிகம் கிடைக்க மாட்டார்கள். இன்னொன்று, எல்லோரும் ஒரே ரத்தம் என்று சொல்ல முடியாது. பிரபு வீட்டு வழியும் இருக்கலாம், அவர் நிலத்தில் உழுதவர் வழியும் இருக்கலாம். பரம்பரை தேடுகிற பிரிட்டன்காரர்கள் பலர் நேராக நிலக்கிழார் குடும்பத்தில் போய் முடிச்சுப் போடுவார்கள். சான்று இல்லாமல் அப்படிச் செய்வது தவறு. உழைத்துப் பிழைத்தவரின் வழியில் வந்தது என்ன குறைச்சல்?

நிலத்தை இழந்த பிறகும் பெயர் அறிவுலகத்தில் கொஞ்ச காலம் விளங்கியது. அலெக்சாண்டர் பென்னிகுக் (1652 முதல் 1722 வரை) என்பவர் மருத்துவர், கவிஞர். பெண்ட்லாண்ட் குன்றுகளில் நியூஹால் என்ற இடத்துக்கு உரிமையாளர். அவர் தந்தையும் மருத்துவர், ஸ்வீடன் படையில் வேலை பார்த்தவர். மகன் ட்வீட் ஆற்றுப் பகுதியின் நிலம், செடிகொடி, மக்கள் பற்றி எழுதிய நூல் 1715இல் வந்தது. ஒரு மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கக் குதிரையில் ஊர் ஊராகப் போனபோது கண்டதை எழுதி வைத்தது அது. அதே பெயரில், அதே காலத்தில் எடின்பரோவில் இன்னொரு கவிஞரும் இருந்தார், அவர் 1730இல் இறந்தார். இருவரையும் ஒருவராக எண்ணிக் குழப்பிக்கொண்டவர்கள் அநேகர். இவர்கள் தங்கள் பெயரை ஊரின் எழுத்திலிருந்து கொஞ்சம் மாற்றி எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எழுத்து வேறுபாடு என்பது இந்தப் பெயரைத் தேடுகிறவருக்குப் பெரிய தலைவலி. பதிவேட்டில் எழுதுபவர் பாதிரியார் அல்லது குமாஸ்தா. வந்தவர் வாயால் சொல்வார், இவர் காதில் விழுந்தபடி எழுதுவார். 'ன்' ஒன்றா இரண்டா, நடுவில் 'ஐ' எழுத்தா, 'ஒய்' எழுத்தா, 'இ' எழுத்தா, கடைசியில் சி-கே சேர்த்தா வெறும் கேயா என்று பத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் உண்டு. ஒரே குடும்பத்து அண்ணன் ஒரு விதம், தம்பி ஒரு விதம். ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு கட்டாயமாகப் பதிய ஆரம்பித்தது (இங்கிலாந்தில் 1837லேயே வந்துவிட்டது). பள்ளிக்கூடமும் பரவியது. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமும் அப்போது எந்த எழுத்தில் இருந்ததோ அதிலேயே நின்றுவிட்டது. ஊரின் பெயர் வரைபடத்தில் ஒரு வடிவத்தில் நின்றது, ஆட்களின் பெயர் வேறு வடிவங்களில் நின்றது.

இன்று பிரிட்டனில் நீங்கள் அதிகம் பார்க்கக்கூடியது, ஒலிப்படியே எளிமையாக எழுதும் பென்னிகுக், அதாவது 'பென்னி', 'குக்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டியது போன்ற வடிவம். நம் அணைப் பொறியாளர் எழுதிய யு-ஐ-சி-கே வடிவம் அதைவிட அபூர்வம். ஊரின் பெயரை அப்படியே குடும்பப் பெயராக வைத்திருப்பவர்கள் இன்னும் அபூர்வம். பழைய பதிவுகளைத் தேடும்போது ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி ஆட்கள் தப்பிவிடுவார்கள்.

ஸ்காட்லாந்துப் பதிவுகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. திருமணமான பெண்ணையும் அவள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதுவார்கள். குழந்தையின் ஞானஸ்நானப் பதிவிலும் கல்லறைக் கல்லிலும் தாயின் சொந்தக் குடும்பப் பெயர் இருக்கும். அதனால் பெண் வழியையும் பின்தொடர முடிகிறது. இங்கிலாந்துப் பதிவுகளில் பல இடங்களில் பெண்கள் கல்யாணத்தோடு காணாமல் போய்விடுகிறார்கள்.

இந்தப் பெயர் ஏன் இவ்வளவு அரிது என்று அடுத்த கேள்வி வரும். தொடக்கமே சிறிது. ஸ்மித் என்ற பெயர் கொல்லரைக் குறிப்பது, ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார், ஆயிரம் இடத்தில் தனித்தனியாக முளைத்தது. பென்னிகுவிக் ஒரே ஒரு சிற்றூரிலிருந்து கிளம்பியது. அப்புறம், பெயர் ஆண் வழியில் மட்டுமே இறங்குகிறது. நான்கு பெண்கள் பிறந்து ஆண் இல்லை என்றால் அந்தக் கிளையில் பெயர் அதோடு நின்றுவிடும். குடும்பம் செழிப்பாக இருக்கும், பேரன் பேத்திகள் இருபது பேர் இருப்பார்கள், பெயர் மட்டும் இருக்காது. பிரிட்டிஷ் அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் இதை ஒரு கணக்காகவே 1873இல் எழுப்பினார். உயர்குடிப் பெயர்கள் பல ஏன் மறைகின்றன, அவர்களின் பிள்ளைப்பேற்று வளம் குன்றியதாலா, அல்லது வெறும் தற்செயலாலா என்பது கேள்வி. வாட்சன் என்ற பாதிரியார் கணக்கிட்டார், 1874இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். வாட்சனின் முடிவில் ஒரு பிழை இருந்தது, எல்லாப் பெயரும் கடைசியில் அழிந்தே தீரும் என்று அவர் கருதிவிட்டார். பிற்காலத்தில் அதைத் திருத்தினார்கள். ஆனாலும் அடிப்படை சரிதான்: தொடக்கத்தில் சிலரே சுமக்கும் பெயர், யாருடைய குற்றமும் இல்லாமல், பிள்ளைப்பேற்றின் தற்செயலால் மட்டுமே மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம். பின்னாளில் அணு உலையில் நியூட்ரான்கள் பெருகுவதைக் கணக்கிடவும் இதே கணிதத்தைப் பயன்படுத்தினார்கள்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் 1296இல் ஆவணத்தில் ஏறிய ஒரு சிற்றூர்ப் பெயர் இன்றும் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

இப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். பிரிட்டனில் குடும்பப் பெயர்ப் பரவலைப் பார்க்க 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். காரும் பேருந்தும் வருவதற்கு முந்தைய காலம், ரயில் வந்திருந்தும் பெரும்பாலோர் பிறந்த மாவட்டத்தை ஒட்டியே வாழ்ந்தார்கள். வரைபடத்தில் புள்ளி வைத்தால் பெயர் பிறந்த இடத்தைச் சுற்றியே கும்பலாக விழும். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில் கிளம்பிய இந்தப் பெயரின் வேர்நிலம் எடின்பரோவைச் சுற்றிய தாழ்நிலப் பகுதிதான். 19ஆம் நூற்றாண்டில் ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் ஆட்களை இழுத்தபோது பலர் மேற்கே நகர்ந்தார்கள். அதன் பிறகு கடல் தாண்டிப் போனவர்கள் ஏராளம். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா எல்லா இடத்திலும் எளிய எழுத்து வடிவத்தில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். மொழிக்கும் காலனி ஆட்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி எழுதும் மொழியியலாளர் அலஸ்டர் பென்னிகுக் சிட்னியில் பேராசிரியராக இருந்தவர், நம் பல்கலைக்கழக ஆங்கிலத் துறைகளிலும் அவரைப் படிக்கிறார்கள்.

யு-ஐ-சி-கே வடிவத்தின் வரைபடம் வேறு மாதிரி. அது ராணுவக் குடும்பத்தின் வரைபடம். பாசறைகளும் படைப் பள்ளிகளும் காலனிகளும் சேர்ந்து வரைந்தது.

பொறியாளரின் தந்தை பிரிகேடியர் ஜான் பென்னிகுவிக். இரண்டாம் ஆங்கிலேய சீக்கியப் போரில், 1849 ஜனவரி 13 அன்று, பஞ்சாபில் ஜீலம் ஆற்றுப் பக்கத்தில் சிலியன்வாலா என்ற இடத்தில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். அதே களத்தில் அவருடைய மகன் அலெக்சாண்டரும் இறந்தான். வயது பதினேழுதான். தந்தையின் உடலைக் காக்க நின்றபோது விழுந்தான் என்று படைப்பிரிவின் வரலாறு சொல்கிறது. அந்த இடம் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.

நம் ஜான் பென்னிகுவிக் அப்போது எட்டு வயதை எட்ட இரண்டு நாள் குறைவான சிறுவன். 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். ஸ்காட்லாந்துப் பெயர், பிறப்பு மராட்டிய மண்ணில், படிப்பு இங்கிலாந்தில் செல்ட்டனம் பள்ளியிலும் அடிஸ்கோம் ராணுவக் கல்லூரியிலும், வேலை 1860 முதல் சென்னை மாகாணப் பொறியியல் படையில். 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை வேலை. மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பிய அந்தக் கதையைத் தேனிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். அதன் பிறகு இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இந்தியாவுக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவித்த கல்லூரிக்குத் தலைவரானார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றி 1899இல் ஆலோசனை சொல்லவும் அவரை அழைத்தார்கள். 1911 மார்ச் 9 அன்று தெற்கு இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லியில் இறந்தார். பக்கத்திலுள்ள ஃப்ரிம்லியில் புனித பீட்டர் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கேம்பர்லியும் ஓர் ராணுவ ஊர்தான்.

1899இல் பிறந்த அவருடைய மகனும் ஜான்தான். அவர் வழக்கறிஞராகி, நீதிபதியாகி, 1970 முதல் 1974 வரை இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் சொத்து, அறக்கட்டளை போன்ற வழக்குகளை விசாரிக்கும் சான்சரி பிரிவுக்குத் தலைமை வகித்தார். 1982இல் காலமானார். லண்டன் வழக்கறிஞர்களிடம் பென்னிகுக் என்றால் அவர்தான் நினைவுக்கு வருவார், அணை பற்றிச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். இதே எழுத்து வடிவத்தில் பெயர் கொண்ட ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை அரசாங்கத்தின் பொருளாளராக இருந்தார். 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், பிரான்சில் வாஸ் ஆற்றின் மேலிருந்த தொங்குபாலத்தைத் தகர்த்துப் பின்வாங்கும் படையைக் காப்பாற்றிய பொறியாளர் அதிகாரி ஒருவரின் பெயரும் பென்னிகுவிக்தான்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் காலின் பென்னிகுவிக் (1933 முதல் 2019 வரை). பிரிஸ்டல் பல்கலைக்கழக விலங்கியலாளர். பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பதற்கு இயற்பியல் கணக்கு எழுதியவர். காற்றை வேகமாக ஓடவிடும் காற்றுச் சுரங்கத்தில் புறாவைப் பறக்கவிட்டு அளந்தார். அது போதாது என்று, கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் மோட்டார் பொருத்திய கிளைடர் விமானத்தில் ஏறி, பிணந்தின்னிக் கழுகுகளோடு சேர்ந்து வெப்பக் காற்றில் வட்டமிட்டார். அவை எவ்வளவு உயரம் ஏறுகின்றன, எப்படி அடுத்த காற்றுக்குச் சறுக்குகின்றன என்று பக்கத்திலேயே பறந்து குறித்தார். பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பறவையின் பெயரைத் தாங்கிய பெயர், பறவையோடு பறந்த ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பள்ளியில் பையன் பேச வேண்டி வந்தால் இதைச் சொல்லச் சொல்லுங்கள், வகுப்பே வாயைப் பிளந்து கேட்கும்.

இவர்கள் எல்லோரும் உறவா? ஒரே எழுத்து வடிவம் என்பது நல்ல தடயம், ஆனால் அதுவே சான்றாகாது. இப்போது மரபணு ஆய்வு உதவுகிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது, பிரிட்டனில் குடும்பப் பெயரும் அதே பாதையில் போவது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009இல் 40 குடும்பப் பெயர்களை எடுத்து, 1,600க்கும் மேற்பட்ட ஆண்களைச் சோதித்தார்கள். ஸ்மித் போன்ற பெயர்களில் ஒருவருக்கொருவர் ஒட்டே இல்லை. ஆட்டன்பரோ போன்ற அரிய பெயரில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஒரே மூதாதையின் வழி. அரிதாக இருக்கும் பெயர் ஒருவரிடம் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம், அல்லது பலரிடம் தொடங்கி மற்றவர்களின் கிளை அற்றுப்போயிருக்கும். பென்னிகுவிக்கும் அரிய பெயர்தான். ஆனால் நான் மேலே சொன்னபடி அது ஊரை விட்டுப் போனவர்களுக்குக் கிடைத்த பெயர் என்பதால், தனித்தனித் தொடக்கங்களுக்கும் இடம் வைத்தே பேச வேண்டும்.

கடைசியாக உங்கள் வீட்டு விஷயம். நமக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் முன்னால் வரும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். அதனால் பிரிட்டனில் குடும்பப் பெயராக மட்டுமே இருந்த ஒன்று தேனியில் ஆளின் சொந்தப் பெயராக ஆகியிருக்கிறது. பேருந்து நிலையத்துக்கும் அதுவே பெயர், லோயர் கேம்பில் 2013இல் திறந்த மணிமண்டபத்துக்கும் அதுவே பெயர். பிரிட்டனில் தந்தை வழியில் மட்டுமே கிடைக்கக்கூடிய பெயரை இங்கே நன்றியின் பேரில் யாரும் பிள்ளைக்கு வைக்கலாம். கால்டனின் கணக்கு இங்கே செல்லாது, பெண் பிள்ளைகள் மட்டும் இருந்தால் பெயர் அற்றுப்போகும் என்ற பயமும் இல்லை.

நடைமுறையில் ஒன்றைக் கவனியுங்கள். சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் எழுதுங்கள். பொறியாளரின் பெயரில் இரண்டு 'என்', அடுத்து 'ஒய்', கடைசியில் சி, கே இரண்டும் வரும். ஊரின் பெயரில் ஒரே ஒரு 'என்', 'ஒய்'க்குப் பதில் 'ஐ', கடைசியில் 'கே' மட்டும். இரண்டும் கலந்து எழுதிய சான்றிதழ்களை நான் பார்த்திருக்கிறேன், பின்னால் திருத்த அலைய வேண்டியிருக்கும். கடவுச்சீட்டில் இதைச் சொந்தப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள், அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். வெளிநாட்டு அலுவலகத்தில் இரண்டையும் மாற்றிப் படிப்பார்கள், பையன் பொறுமையாகச் சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

என்றைக்காவது அவன் இங்கே வந்தால் பார்க்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஃப்ரிம்லியில் கல்லறை, அதன் பக்கத்தில் கேம்பர்லியில் 2022இல் தமிழ்நாடு அரசு வைத்த சிலை. லண்டனிலிருந்து ரயிலில் போகலாம். இன்னொன்று பெனிகுக். எடின்பரோவிலிருந்து நகரப் பேருந்திலேயே போய்விடலாம். 1709இல் தொடங்கிய காகித ஆலையால் வளர்ந்த அமைதியான ஊர், ஆலைகள் இப்போது இல்லை. கிளார்க் குடும்பத்தின் பெரிய மாளிகை 1899இல் தீப்பிடித்துச் சுவர்கள் மட்டும் மிஞ்சி நிற்கிறது, சுற்றியுள்ள தோட்டத்தில் நடக்கலாம். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வரச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பறவைகள் திரும்பும் நேரம் அது. காலையில் பெண்ட்லாண்ட் குன்றுப் பக்கம் ஏறினால், அவன் பெயரில் கடைசித் துண்டாக இருக்கும் அந்தப் பறவை கூவுவதைக் கேட்கலாம்.